செட்டிங்கைத் தொடாதே!

2025 மார்ச் 28. பெங்களூரு எடுத்த 196 ரன்னைச் சேப்பாக்கத்தில் துரத்திக்கொண்டிருந்தது சென்னை சூப்பர் கிங்ஸ். ஆறாவது விக்கெட் விழுந்தது. தோனிதான் வரப்போகிறார் என்று எல்லோரும் காத்திருக்க, மட்டையோடு இறங்கி வந்தவர் அஸ்வின். அவரும் அவுட்டாகி, ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக தோனி வந்தார். 16 பந்தில் 30 ரன். கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவின் பந்தில் இரண்டு சிக்ஸர். சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை எண்ணூர் நெடுஞ்சாலையோர டீக்கடைகளில் வேறு பேச்சுக்கு இடமே இல்லை. "பதினாறு பால்ல முப்பது அடிக்கிற மனுசன முன்னாடியே எறக்கி வுட்டிருந்தா இன்னாபா கொறஞ்சிருக்கும்?" என்பது ஒரு கட்சி. "முட்டி போன ஆள எத்தினி நாளுக்குபா நம்பினு இருப்பீங்க, பையன எறக்கு" என்பது இன்னொரு கட்சி. ஏலத்தில் அஸ்வினுக்குக் கொடுத்த 9.75 கோடியை வைத்து வேறு யார் யாரை வாங்கியிருக்கலாம் என்று மூன்றாவது கட்சி கணக்குப் போட்டது. மூன்று கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒத்த கருத்து: மேனேஜ்மென்ட்டுக்கு மூளை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டீயை முடித்துவிட்டு முதல் ஷிஃப்டுக்கு உள்ளே போகிறவர்களில் பலருக்கு இந்த வழக்குக்கான தீர்ப்பு தொழில்முறையில் தெரியும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மணலி வரை மோட்டார் வாகனமும் அதற்கான உதிரி பாகமும் செய்கிற பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதல் பாடங்களில் ஒன்று: ஒரு பீஸ் அளவு தவறிவிட்டது என்பதற்காக உடனே செட்டிங்கைத் தொடாதே.

ஏன் தொடக்கூடாது? 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு தண்டு கடைகிறோம் என்று வையுங்கள். மெஷின் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஒன்று 25.01, அடுத்தது 24.99, அதற்கடுத்தது 25.02 என்று வரும். இரும்பின் கடினம் ஒரே மாதிரி இல்லை, கூலன்ட் சூடேறுகிறது, டூல் முனை துளித்துளியாகத் தேய்கிறது, தரை அதிர்கிறது. இப்படி நூறு சின்னக் காரணங்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. புதிதாகச் சேர்ந்த அப்ரன்டிஸ் பையன் பொறுப்பானவன். 25.02 வந்ததும் கைப்பிடியைத் திருகி, விட்டத்தில் 0.02 குறையும்படி டூலை உள்ளே தள்ளுகிறான். அடுத்த பீஸ் 24.98 வந்தால் 0.02 கூடும்படி வெளியே இழுக்கிறான். ஒவ்வொரு பீஸுக்கும் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறான். மதியம் ரிஜெக்‌ஷன் டப்பா நிரம்பி வழிகிறது.

காரணம் எளிது. போன பீஸின் பிழைக்கும் அடுத்த பீஸின் பிழைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போன பிழையை ஈடுகட்டுகிறேன் என்று கைப்பிடியைத் திருகும்போது, அடுத்த பீஸுக்குத் தானாக வரவேண்டிய பிழையோடு போன பீஸின் பிழையையும் தலைகீழாகச் சேர்த்து அனுப்புகிறான். கணக்குப்படி பார்த்தால் அளவுகளின் சிதறல் இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது 1.41 மடங்கால் பெருகும். சும்மா இருந்திருந்தால் வந்திருக்கும் சிதறலைவிட நாற்பது சதவீதம் அதிகம்.

இதைக் கண்ணால் காட்ட அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். லாயிட் நெல்சன் என்பவர் சொல்லிக் கொடுத்த யோசனை அது. மேஜைமேல் ஒரு புள்ளி, அதற்கு நேர்மேலே ஒரு புனல். புனல் வழியாகக் கோலிக்குண்டைப் போட வேண்டும். குண்டு புள்ளியில் விழாது, சுற்றிலும் எங்கோ விழுந்து உருளும். புனலை அசைக்காமல் ஐம்பது தடவை போட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் குண்டு விலகிய தூரத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புனலை நகர்த்திக்கொண்டே போட்டால் வட்டம் பெரிதாகும். போன குண்டு நின்ற இடத்துக்கு மேலேயே புனலைக் கொண்டுபோய் வைத்தால் போச்சு, குண்டு மேஜையை விட்டே கிளம்பிவிடும்.

அப்படியானால் எப்போதுதான் தொடுவது? இதற்கு விடை கண்டவர், பின்னாளில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட். 1924 மே 16 அன்று தன் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். அதில் இருந்த படம்தான் இன்று உலகத்துத் தொழிற்சாலைச் சுவர்களில் எல்லாம் தொங்கும் கன்ட்ரோல் சார்ட்டுக்கு மூதாதை. நடுவே சராசரிக் கோடு, மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. புள்ளி எல்லைக்குள் ஆடினால் அது மெஷினின் இயல்பு, பொதுக் காரணம். எல்லையைத் தாண்டினால் ஏதோ ஒன்று புதிதாக நடந்திருக்கிறது, தனிக் காரணம். மெஷினை நிறுத்தித் தேடு. ஜப்பான்காரர்களுக்கு டெமிங் இந்தப் பாடத்தை நடத்தப் போனது 1950-ல். அதற்கு முன்பே, 1947-48-ல், புள்ளியியலாளர் மகாலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் இந்தியாவுக்கே வந்து நம் தொழிலதிபர்களிடம் இதைப் பேசிவிட்டுப் போனார். நாம் காதில் வாங்க அரை நூற்றாண்டு ஆனது. டெமிங் பெயரில் ஜப்பான் தரும் விருது இந்தியாவுக்கு முதன்முதலில் வந்தது 1998-ல்தான். அதை வாங்கியது பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

இப்போது அந்தச் சார்ட்டில் சென்னை அணியை ஏற்றிப் பார்ப்போம். 2025 சீசனில் 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாவது இடம். அணியின் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். நடுவில் தொடர்ச்சியாக ஐந்து தோல்வி, அதுவும் முதல்முறை.

ஒரு அணி நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, ஒவ்வொரு ஆட்டத்தையும் காசு சுண்டித்தான் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட அணி 14 ஆட்டத்தில் 4 அல்லது அதற்கும் குறைவாக ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் படித்த சேர்மானக் கணக்குதான். 16,384 விதமாக 14 காசுகள் விழலாம். அவற்றில் 1,471 விதங்களில் நாலு பூவுக்கு மேல் இருக்காது. ஒன்பது சதவீதம். பத்து அணிகளும் அப்பழுக்கில்லாமல் சமம் என்றாலும்கூட, ஏதாவது ஒரு அணி இந்தக் கதிக்கு ஆளாக ஒவ்வொரு சீசனிலும் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. தொடர்ந்து ஐந்து தோல்வி? 14 தடவை சுண்டினால் எங்காவது ஐந்து தலை அடுத்தடுத்து விழுவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு. ரசிகனுக்கு உலகம் இடிந்து விழுந்த அந்த இரண்டு வாரம், காசுக்குச் சாதாரண வேலைநாள்.

ஷூஹார்ட்டின் எல்லைக் கோடுகளைப் போட்டால் இன்னும் கசக்கும். 14 ஆட்டத்துக்குச் சராசரி 7. எல்லைகள் கீழே ஒன்றரைக்குப் பக்கம், மேலே பன்னிரண்டரைக்குப் பக்கம் வரும். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டுமானால் அணி ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருக்க வேண்டும். சென்னை சராசரி அணி இல்லை, அதன் நீண்டகால வெற்றி விகிதம் 57 சதவீதம் போல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாலும், 4 வெற்றி எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அப்போது அந்த வாய்ப்பு மூன்று சதவீதம். அரிதுதான். ஆனால் இதே அணி 2022-லும் 14-க்கு 4 தான் ஜெயித்தது. அப்போது ஒன்பதாவது இடம். அடுத்த வருஷம், 2023-ல், அதே தோனி தலைமையில் கோப்பை.

அந்த 2022 சீசனில் புனலும் நகர்ந்தது. தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு தலைமை ஜடேஜாவிடம் போனது. எட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. உடனே மறுபடி தோனி. மீதி ஆறு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. மாற்றியதால் மாறியது எது என்று யாராவது காட்டினால் நன்றாயிருக்கும். நெதர்லாந்துக் கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் தெர் வேல் ஆராய்ந்து 2011-ல் எழுதினார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிய அணிகள் அதன் பிறகு எழுந்தன, உண்மை. அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட அணிகளும் அதே வேகத்தில் எழுந்தன. அடிமட்டத்தில் இருப்பது எதுவானாலும் சராசரி நோக்கித் திரும்பத்தான் பார்க்கும். நடுவில் யார் தலை உருண்டதோ, அடுத்து வந்தவர் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார். 2025 ஏப்ரல் 14 அன்று லக்னோவில் தோனி 11 பந்தில் 26 அடித்து ஐந்து தோல்வித் தொடரை முடித்தபோது, "நாம திட்டுனதுலதான் ரோஷம் வந்துச்சு" என்றவர்களும் இந்த வரிசையில் சேர்த்தி.

சரி, தோனி மட்டை பிடிக்க இறங்கிய அந்த ஒன்பதாவது இடத்துக்கு வருவோம். தோனி 16 பந்தில் 30 என்றால் பந்துக்கு ஏறத்தாழ 1.9 ரன். அஸ்வின் அன்று 8 பந்தில் 11 எடுத்தார். அந்த எட்டுப் பந்தும் தோனிக்கே கிடைத்து, அதே வேகத்தில் அடித்திருந்தால் 15. வித்தியாசம் நாலு ரன். தோற்றது 50 ரன்னில்.

இந்த மாதிரிச் சண்டையை நூறு வருஷமாகப் போட்டுவருபவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். அங்கே ஒன்பது பேரும் ஒரே வரிசையில் மட்டை பிடிப்பார்கள், வரிசை முடிந்தால் மறுபடி முதல் ஆளிலிருந்து. யாரை முதலில், யாரை நாலாவதாக விடுவது என்று ஊரெல்லாம் மேனேஜரைத் திட்டும். டாம் டாங்கோவும் இரண்டு கூட்டாளிகளும் பெரிய ஆட்டத் தரவுக் குவியலை வைத்து இதை ஆராய்ந்து புத்தகமாகவே போட்டார்கள். ஒரு மேனேஜர் வழக்கமாகப் போடும் வரிசைக்கும் கணக்குப்படி மிகச் சிறந்த வரிசைக்கும் உள்ள வித்தியாசம், 162 ஆட்டம் கொண்ட முழு சீசனுக்கு ஒன்றிரண்டு வெற்றி பெறுமானம். அவ்வளவே. இருபது ஓவர் கிரிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் 120 பந்துதான், நல்ல ஆளுக்குப் பந்து கிடைக்காமலே போகலாம். ஆனாலும் யார் ஆடுகிறார்கள் என்பதன் எடைக்கு முன்னால் எந்த வரிசையில் ஆடுகிறார்கள் என்பது கொசு.

பின் ஏன் அந்த ஒரு முடிவே மனசில் முள்ளாய்க் குத்துகிறது? கானமனும் ட்வெர்ஸ்கியும் 1982-ல் ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் ஆபீஸிலிருந்து வீடு திரும்பும்போது, தினம் போகும் பாதையை விட்டு வேறு பாதையில் போய் விபத்தில் இறக்கிறார். எது மட்டும் மாறியிருந்தால் பிழைத்திருப்பார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொன்னது, வழக்கமான பாதையில் போயிருந்தால். பாதையை மாற்றாமல், வழக்கத்துக்கு முன்பே கிளம்பியதாகக் கதையைத் திருத்திச் சொன்னால், நேரத்துக்குக் கிளம்பியிருக்கலாமே என்பார்கள். போதையில் லாரி ஓட்டி வந்து மோதியவன் இரண்டு கதையிலும் இருக்கிறான். எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதோ அதைத்தான் மனம் பிடித்துத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. தோனி ஒன்பதாவதாக வருவது வழக்கத்துக்கு மாறு. பவர்பிளேயில் 30 ரன்னுக்கு 3 விக்கெட் போவது அந்த சீசனில் வழக்கமாகிவிட்டது. அதனால் அது கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் ரசிகர் பக்கமும் பேசியாக வேண்டும். எல்லாம் தற்செயல், வாயை மூடு என்று சொல்வதற்காக ஷூஹார்ட் அந்தச் சார்ட்டை வரையவில்லை. அது எங்கே மணி அடிக்கிறது என்று தேடத்தான். தேடினால் கிடைக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னை நெடுங்காலமாகப் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் ஜெயித்துவந்த அணி. 2025-ல் அங்கே ஆடிய ஆறில் ஒன்றுதான் வெற்றி, மும்பைக்கு எதிரான முதல் ஆட்டம். அதற்குப் பிறகு பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என்று வந்தவர்கள் எல்லாம் ஜெயித்துவிட்டுப் போனார்கள்; டெல்லிக்கு 2010-க்குப் பிறகு இங்கே முதல் வெற்றி, ஹைதராபாத்துக்கு வரலாற்றிலேயே முதல். ஏழாவது ஆட்டம் மே மாத எல்லைப் பதற்றத்தால் டெல்லிக்குப் போய்விட்டது. பத்துக்கு ஏழு ஜெயிக்கும் அணி ஆறில் ஒன்றோ பூஜ்யமோ எடுக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. (வேண்டிய புள்ளிவிவரத்தைப் பொறுக்கி எடுத்தால் எங்கேயும் நூற்றில் ஒன்றைக் காட்டலாம் என்று கணக்குத் தெரிந்தவர் மடக்குவார். நியாயம்தான். ஆனால் சொந்த மைதானம் என்பது நான் பொறுக்கி எடுத்ததில்லை. அணியே அதை நம்பித்தான் ஏலத்தில் சுழல் வீச்சாளர்களுக்குக் கொட்டிக் கொடுத்தது. அஸ்வினுக்கு 9.75 கோடி, நூர் அகமதுக்கு 10 கோடி.) பெங்களூருவிடம் தோற்ற இரவே, சேப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த மைதானச் சாதகம் எதுவும் கிடையாது, பிட்சைப் படிக்க முடியவில்லை என்ற பொருளில் பயிற்சியாளர் ஃபிளெமிங் பேசினார். ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவிடம் 20 ஓவரில் 103. சென்னை அங்கே எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எடுத்துவிட்டுப் போனது.

இன்னொரு மணியும் அடித்துக்கொண்டிருந்தது, வருஷக்கணக்காக. 2019-க்குப் பிறகு, 2025 ஏப்ரல் வரை, 180-ஓ அதற்கு மேலோ இலக்கு வந்தால் இந்த அணி துரத்தி ஜெயித்ததே இல்லை. உலகம் முதல் பந்திலிருந்தே அடிக்க ஆரம்பித்த காலத்தில், பழகிய கைகளை நம்பி மெதுவாகக் கட்டிய அணி. இது கைப்பிடித் திருகலில் சரியாகிற பிழை இல்லை. உருவம் கொடுக்கும் அச்சான டையே தேய்ந்துவிட்டது. தொடக்க ஜோடியைக் குறைந்தது ஐந்து விதமாக மாற்றிப் பார்த்தார்கள் அந்த 14 ஆட்டத்தில். பெரும்பாலும் அப்ரன்டிஸ் பையன் வேலைதான். ஆனால் அந்தக் குழப்பத்துக்குள்ளேயே டை மாற்றமும் நடந்தது. கேப்டன் கெய்க்வாட் முழங்கை உடைந்து விலகியதால் 17 வயது ஆயுஷ் மாத்ரே உள்ளே வந்தார். குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால் டிவால்ட் பிரெவிஸ் வந்தார். மாத்ரே ஏழு ஆட்டத்தில் 240, பிரெவிஸ் ஆறு ஆட்டத்தில் 225. இருவரும் நூறு பந்துக்கு 180-க்குக் குறையாத வேகம். மே 7 அன்று ஈடன் கார்டனில் 180 என்ற இலக்கைத் துரத்தி ஜெயித்தார்கள். மே 25 அன்று அகமதாபாத்தில், அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்த குஜராத்துக்கு எதிராக 230 அடித்து 83 ரன்னில் வென்றார்கள். கடைசி இடம் மாறவில்லை.

மேனேஜ்மென்ட்டை மெச்ச வேண்டாம். இரண்டு நல்ல முடிவும் காயத்தால் வாசலைத் தட்டி வந்தவை. டீக்கடையின் மூன்றாவது கட்சி, அதாவது ஏலத்தைப் பற்றிக் கத்திய கட்சி, இதில் மற்ற இரண்டைவிட நல்ல புள்ளியியலாளர்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் தோனியை எட்டாவதாக இறக்குவதா ஒன்பதாவதாகவா என்று திருகிக்கொண்டிருக்கவில்லை, மெஷினையே பார்த்தார்கள்.

ஆனால் மாத்ரே, பிரெவிஸ் விஷயத்திலும் ஆறேழு ஆட்டம் என்பது சொற்பம். 50 சதவீத அணியையும் 40 சதவீத அணியையும் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய ஏறக்குறைய நூறு ஆட்டம் வேண்டும். பேஸ்பாலில் அது ஒரே சீசனில் கிடைத்துவிடும். சீசன் முடியும் செப்டம்பரில் பட்டியல் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். ஐபிஎல்லில் லீக் ஆட்டம் 14. நூறைத் தொட ஏழு வருஷம். அதற்குள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து அணியையே கலைத்துப் போட்டுவிடும். அளந்து முடிப்பதற்குள் மெஷினைக் கழற்றி வேறு மெஷினை மாட்டிவிடுகிறார்கள்.

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். பழசையெல்லாம் மாற்று என்று ஏப்ரலில் கத்திய அதே வாய்கள் ஜடேஜா போனதும், "எட்டாம் நம்பர் போட்ட புள்ளைய எப்டி நாப்பது வயசு ஆளாட்டம் கழட்டி வுடலாம்" பாணியில் பொங்கின. அந்தக் கைமாற்றம் சரியா தப்பா என்று கணக்குச் சொல்ல நூறு ஆட்டம் கேட்கும். திருவொற்றியூரில் அன்று சாயங்காலம் இரண்டாம் ஷிஃப்ட் டீக்குள் தீர்ப்பு எழுதியாயிற்று, மேல்முறையீடும் போட்டாயிற்று.